மேட்லின் தின்ற உப்பு

அந்த ஆள் உப்பையே தொடுவதில்லை என்று யூலாலி வந்து சொன்னபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரைக்கும் வெறும் சந்தேகம்தான்.

யூலாலியும் நானும் ஒருத்தியை ஒருத்தி ‘மகாமே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் மூத்த மகனுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவுக்குக் கரீபியன் கடலில் இருக்கிற எங்கள் கேரியக்கூ தீவில் அதுதான் பெயர். புயலுக்குப் பிறகு எங்கள் பெல் ரோசே ஊரில் கூரையோடு நின்ற வீடுகள் நாலே நாலு, அதில் அவளுடையது ஒன்று. மற்றவர்கள் எல்லாரும் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே வெந்துகொண்டிருந்தோம். அதனால் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் யூலாலி வீட்டு முன்னறைதான். அந்த ஆளும் அங்கேதான் தங்கியிருந்தார். பெயர் ஆல்ரிக் பெய்ன். ட்ரினிடாடில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொல்லிக்கொண்டார். சட்டைப் பையில் மூன்று பேனா இருந்தது, அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

“மொத நாள் உப்பு மீன் வறுத்து வச்சேன்” என்றாள் யூலாலி. அவள் வறுக்கிற மீன் வாசனைக்குத் தெருவில் போகிறவன் திரும்பி வருவான். “தொடல. சரி, ட்ரினிடாட்காரனுக்கு நாக்கு நீளம்னு விட்டுட்டேன். ரெண்டாம் நாள் பச்சத் துவரக் கொழம்பு. ஒரு வாய் வச்சான், தட்டத் தள்ளிட்டான். மூணாம் நாள் அவனே அடுப்படிக்கு வந்து நிக்கறான். ‘மிஸ் யூலாலி, எனக்கு மட்டும் உப்பு போடறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருங்க’ங்கறான். எவன்டி மகாமே, உசுரோட இருக்கறவன் உப்பில்லாமத் திம்பான்?”

எங்கள் ஊரில் உப்பில்லாமல் சமைப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், ஊரே கூடி மாரூன் விருந்து வைப்போம். சோளமாவுக் களி, ஆட்டுக்கறி, மீன் எல்லாம் பெரிய செப்புப் பாத்திரங்களில் வேகும். அதிலே பாட்டன் பூட்டனுக்கு என்று ஒரு தட்டு தனியாகப் போகும். அந்தத் தட்டில் ஒரு கல் உப்பு படக் கூடாது. உயிரோடு இருந்தவர்களில் உப்புத் தின்னாதவர்கள் என்று நாங்கள் கேள்விப்பட்டிருப்பது ஒரே ஒரு கூட்டம். உப்புப் பாறையிலிருந்து பறந்து போனவர்கள்.

அந்தப் பாறை என் நிலத்தில் இருக்கிறது. என் நிலம் என்றால் எர்சிலா குவாஷி என்ற என் ஒருத்தியுடையது இல்லை, குடும்ப நிலம். மேட்லின் என்கிற எங்கள் கிழவியின் வயிற்றில் வந்த எல்லாருக்கும் பொது. ப்ரூக்ளினில் பஸ் ஓட்டுகிறவனுக்கும் பங்கு உண்டு, இன்னும் பிறக்காத குழந்தைக்கும் பங்கு உண்டு. காவல் இருக்கிறவள் நான், அவ்வளவுதான். யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியை அங்கே புதைத்து மேலே ஒரு தென்னங்கன்று வைப்போம். எங்களுக்குப் பத்திரம் அதுதான். என் பத்திரத்தையும் என் மூன்று பிள்ளைகளின் பத்திரத்தையும் புயல் ஒரே காலையில் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டது.

பாறையைப் பார்த்தால் குந்தி உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷி மாதிரி இருக்கும். கடலைப் பார்த்த பக்கம் செங்குத்து. உச்சியில் வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அது உப்பு என்று நாங்கள் சொல்வோம், பறவை எச்சம் என்று யூலாலி சொல்வாள். அடிமைக் காலத்தில் ஒரு ராத்திரி, உப்பே தின்னாமல் உடம்பை லேசாக வைத்திருந்தவர்கள் அந்த உச்சிக்கு ஏறி, கையை விரித்து, ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிட்டார்களாம். மேட்லினும் கூடப் போனாள். ஆனால் துரை வீட்டு அடுப்படியில் வேலை செய்தவள், குழம்பு ருசி பார்க்கையில் விரலில் ஒட்டின உப்பை நக்கியிருந்தாள். உடம்பு கனத்துப் போய் அவளால் கிளம்ப முடியவில்லை. அவள் கிளம்பாததால்தான் நாங்கள் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் எங்களை ‘உப்பு நக்கி’ என்று கேலி செய்வார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போது அந்தப் பாறையைச் சுற்றி இந்த ஆல்ரிக் பெய்ன் மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தார். முதல் நாளே நான் பார்த்துவிட்டேன். அடி மேல் அடி வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போகிறார். நிலத்தை அளக்கிறவன் அப்படித்தான் நடப்பான்.

“என்ன அளக்கறீங்க, மிஸ்டர்?” என்று கேட்டேன்.

“அளக்கல மிஸ் எர்சிலா. கீழ கடலுக்கு எறங்க வழி இருக்கான்னு பாத்தேன்.”

“குளிக்கணும்னா பஸ் ஏறி வேற கடற்கரைக்குப் போங்க. இங்க கீழ எறங்கினவன் யாரும் இல்ல.”

“யாருமே இல்லையா? எப்பவுமே?” என்று கேட்டுவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். நான் சொன்னதில் எழுத என்ன இருக்கிறது?

இதிலே இன்னொரு சங்கதி. என் அண்ணன் மகன் கென்ரிக். என்னை ‘டான்டி’ என்பான், அத்தை என்று அர்த்தம். ஒரு கம்பெனி பாறையையும் சுற்றியுள்ள மூன்று ஏக்கரையும் கேட்கிறது என்று அவன் புயல் முடிந்த நாலாம் மாசமே வந்து நின்றான். அவனும் கையெழுத்துப் போட்டாயிற்று, டொரன்டோவில் இருக்கிற இன்னும் இரண்டு பேரும் போட்டாயிற்று. நான் மட்டும்தான் பாக்கி. இந்த வாரமும் வந்தான்.

“டான்டி, இந்தத் தார்ப்பாய்க்குக் கீழ இன்னும் எத்தன மழைய வாங்கப் போற? ஒரு கையெழுத்து. காங்கிரீட்டுல வீடு கட்டிக்கலாம்.”

“பாறைய என்ன பண்ணுவானுங்க?”

“என்ன பண்ணுவான், நாலு நாற்காலி போடுவான். வெள்ளக்காரங்க உக்காந்து சூரியன் விழறதப் பாப்பாங்க.”

“மாரூனுக்கு நாங்க எங்கடா போறது?”

“அதெல்லாம் அனுமதி கேட்டா விடுவாங்க டான்டி.”

அனுமதி! நான் துடைப்பத்தை எடுத்தேன், அவன் வாசலைத் தாண்டிவிட்டான். தாண்டி நின்றுகொண்டு, “வர்ற வெள்ளிக்கெழம ஹில்ஸ்பரோ டவுன்ல நெல விசாரண. குடும்ப நெலம்னா காகிதத்தக் காட்டுன்னு கேப்பாங்க. தென்ன மரத்தையா தூக்கிட்டுப் போவ?” என்று கத்திவிட்டுப் போனான். என் தென்னை போனது அவனுக்குத் தெரியும்.

அவனையும் ஆல்ரிக் பெய்னையும் ரம் கடை வாசலில் சேர்ந்து பார்த்ததாக யூலாலி சொன்னாள். போதாதா? எனக்கு எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் சரியாக வந்தது. கம்பெனிக்கு அளக்க வந்தவன், வாத்தியார் வேஷம். ஆனால் உப்பு விஷயம் மட்டும் கணக்கில் உட்காரவில்லை. கம்பெனிக்காரன் எதற்கு உப்பில்லாமல் தின்ன வேண்டும்?

“ஒருவேள அவங்கள்ல ஒருத்தனா இருப்பானோ?” என்று யூலாலி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எவங்கள்ல?”

“போனவங்க. பாறையத் திருப்பிக் கேக்க வந்திருந்தா?”

“பறந்து போனவனுக்கு எதுக்குடி உன் முன்னறை? வாடகை வேற குடுக்கறான்.”

சிரித்தேனே தவிர, அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் உப்பு மீன் போட்டுக் காய்ச்சின சாற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு நேரே யூலாலி வீட்டுக்குப் போனேன். அவர் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கிண்ணத்தை நோட்டுக்கு மேலேயே வைத்தேன்.

“ஒரு வாய் குடிங்க, மிஸ்டர் பெய்ன்.”

“மன்னிக்கணும், நான்…”

“ஏன்? கனத்துருவீங்களா?”

மனுஷன் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடுகிற சிரிப்பு. கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

“பிரஷர்ம்மா. நூத்தி எண்பதுல நிக்குது. உப்பத் தொட்டா சங்குதான்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“மாத்திரைய யார் வேணும்னாலும் வாங்கலாம்” என்று கதவுக்குப் பின்னாலிருந்து யூலாலி.

“கென்ரிக்கோட என்ன பேச்சு?” என்றேன் நான். வந்த வேலையை விடக்கூடாது அல்லவா?

“அவர்தான் வந்து, இங்க என்ன தேடறேன்னு கேட்டார். நான் சொல்லல.”

“எனக்குச் சொல்லுங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. கதவுப் பக்கம் பார்த்து, “உங்ககிட்ட மட்டும்னா சொல்றேன்” என்றார்.

“என் வீடு இது. நான் எங்க போறதாம்?” என்றாள் யூலாலி. முணுமுணுத்துக்கொண்டே கொல்லைக்குப் போனாள். கொல்லையில் அவள் எந்த ஜன்னலுக்குக் கீழே நிற்பாள் என்று எனக்குத் தெரியும்.

அவர் பெட்டியிலிருந்து ஒரு நகலை எடுத்தார். லண்டனில் பழைய காகிதங்களைக் காத்து வைக்கிற இடத்திலிருந்து எடுத்ததாம். சாய்ந்து சாய்ந்து ஓடுகிற கையெழுத்து. அவரே வாசித்தார், மெதுவாக, வகுப்பில் வாசிப்பது போல.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பதாம் வருஷம். டங்கன் என்கிற தோட்டத்துரை எழுதிக் கொடுத்தது. தன் அடுப்படி அடிமையான மேட்லின், மார்ச் மாதம் பதினாலாம் தேதி ராத்திரி, பெரிய பாறைக்குக் கீழே படகு ஒன்று ஒளித்து வைத்திருப்பதையும், அதிலே தப்பிப் போக இருந்த பதினொரு பேரின் பெயர்களையும் தன்னிடம் வந்து சொன்னபடியால், அவளுக்கு விடுதலை. அதோடு அந்தப் பாறையும் சுற்றியுள்ள மூன்று ஏக்கரும் அவளுக்கும் அவள் வயிற்றில் பிறப்பவர்களுக்கும், எந்நாளும் பிரிக்காமல், விற்காமல், பொதுவாய் இருக்கக் கடவது. கீழே கையெழுத்து, சாட்சிகள், முத்திரை. அதற்கும் கீழே பதினொரு பெயர்கள், அவற்றை அவர் வாசிக்கவில்லை.

கிண்ணத்தில் சாறு ஆறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும் பறக்கவில்லை. கீழே படகு இருந்திருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பறந்த கதையை முதலில் சொன்னது யார்? போனவர்கள் சொல்லியிருக்க முடியாது. மிச்சம் நின்றது ஒருத்தி. உப்பு நக்கினேன், கனத்துப் போனேன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும். அவள் தின்றது துரை வீட்டு உப்பு.

“இது பொய்க் காகிதம்” என்றேன்.

“இருந்தா எனக்கும் நிம்மதிதான். ஆனா மூலம் அங்க இருக்கு, முத்திரையோட. இந்த நகல்லயே அவங்க சீல் குத்திக் குடுத்திருக்காங்க.”

“எதுக்கு எனக்குக் காட்டறீங்க?”

“மூணு வாரமா அதத்தான் யோசிச்சிட்டிருந்தேன். காட்டினா வெரட்டிருவீங்கன்னு பயம். தோட்டங்கள்லேர்ந்து தப்பிச்சவங்க பேர்களத் தேடிச் சேக்கறேன், ஓய்வுல எனக்கு அதான் வேல. எனக்கு அந்தப் பதினொரு பேர் போதும். ஆனா நெலத்துக்குக் காகிதம் இல்லன்னு நீங்க தவிக்கறது தெரிஞ்சப்புறம் இத மறைச்சு வைக்க முடியல.”

“அவங்க பிடிபட்டாங்களா?”

“தெரியாது. பிடிச்சதா எங்கயும் எழுதல. போய்ச் சேந்ததாவும் எழுதல. அந்த வருஷத்துத் தோட்டப் புத்தகம் கெடைக்கல.”

ஜன்னலுக்குக் கீழே ஒரு வாளி உருண்டது. பிறகு யூலாலியின் செருப்புச் சத்தம், வேகமாய், வீட்டை விட்டுத் தெருவுக்கு.

நான் நகலை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் யோசனைதான். இது கம்பெனியின் வேலையாக இருந்தால்? ஒரு அவமானத்தை எழுதி என் கையில் கொடுத்தால் நான் வெள்ளிக்கிழமை வாய் திறக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டிருந்தால்? அந்த ஆள் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். வாத்தியார் முகம்தான். ஆனால் நல்ல திருடனுக்கு வாத்தியார் முகம்தான் இருக்கும்.

புதன்கிழமை யூலாலி வரவில்லை. நாற்பது வருஷமாகக் காலையில் என்னோடு இலைத் தேநீர் குடிக்கிறவள். அவளுக்குப் பதில் கென்ரிக் வந்தான், மூச்சு வாங்க.

“டான்டி, ஏதோ காகிதமாமே? எங்க அது?”

“எந்தக் காகிதம்?”

“ஊரே பேசுது. உன் மகாமே ஊதிட்டா. அத எரிச்சுரு டான்டி, சொல்லிட்டேன். நாளைக்கு வெளிய தல காட்ட முடியுமா? காட்டிக் குடுத்தவ வம்சம்னு காறித் துப்புவானுங்க. நம்ம குடும்பத்து மானம் என்ன ஆறது?”

மானம்! தன் அப்பன் உயிரோடு இருக்கும்போதே அப்பனுடைய படகை விற்றுத் தின்றவன் இவன். அண்ணன் கரையில் நின்று அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இவனுக்குத் திடீரென்று இருநூறு வருஷத்துக்கு முந்தின கிழவியின் மானம் ஏன் சுடுகிறது?

நான் அவனை உட்கார வைத்து ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன்.

“அது பொய்க் காகிதமாமேடா. அந்த வாத்தியார்னு சொல்ற ஆள் எழுதிட்டு வந்ததாம்.”

“பொய்யோ நெசமோ, விசாரணைக்கு மட்டும் கொண்டு வராத.”

“பொய்னா கொண்டு வந்தாத்தான் என்ன? ஆபீசர் தூக்கிப் போட்டுடுவாங்க.”

ரொட்டி அவன் வாயிலேயே நின்றது. “அதுல… விற்கக்கூடாதுன்னு எழுதியிருக்கா?” என்று கேட்டான்.

எனக்கு அது போதும். யூலாலி ஊரெல்லாம் சொன்னது காட்டிக் கொடுத்த கதையைத்தான். விற்கக்கூடாது என்பதைப் பற்றி அவள் மூச்சு விட்டிருக்க மாட்டாள், அவளுக்கு அது பெரிதாகவே பட்டிருக்காது. இவனுக்குப் படுகிறது என்றால், இப்படி ஒரு பத்திரம் எங்கேயாவது இருக்கும் என்று கம்பெனிக்காரர்கள் முன்னமே பயந்திருக்கிறார்கள். பொய்க் காகிதத்துக்கு யாரும் இப்படி வியர்க்க மாட்டார்கள். காகிதம் நிஜம். அதுதான் கஷ்டம், நிஜம்.

வியாழக்கிழமை சாயங்காலம் யூலாலி வந்தாள். உட்காரவில்லை. தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்கு வாசிக்கப் போறியா?”

“நீ என்ன சொல்ற?”

“என் பாட்டனுக்குப் பாட்டனோட கூடப் பொறந்தவன் குவாக்கோ. நாங்க ஆப்பிரிக்காவுல க்ரோமான்டிக் கூட்டத்து ஆளுங்க. எங்க வீட்டுல எந்தக் கொழந்த உப்பு வேணாம்னு அழுதாலும், ‘குவாக்கோ மாமா மாதிரி பறந்துருவ’ன்னுதான் சொல்லுவோம். அந்தக் காகிதத்துல அந்தப் பேர் இருக்கா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“உன் கெழவி எங்க ஆள வித்துத்தான் இந்த நெலத்த வாங்கியிருக்கா. நாங்க வருஷா வருஷம் வந்து அதே எடத்துல ஆடறோம், தின்னறோம், உனக்கு நன்றி வேற சொல்றோம்.”

“பிடிபட்டதா எழுதலையே மகாமே. ஒருவேள அவ தப்பா வழி சொல்லியிருந்தா? துரைய ஒரு பக்கம் ஓட விட்டு, அவங்கள இன்னொரு பக்கம் அனுப்பியிருந்தா?”

“வழி தப்பாச் சொன்னவளுக்கு எந்த வெள்ளக்காரன்டி மூணு ஏக்கர் குடுப்பான்?”

“பிடிபட்டிருந்தா துரை அதப் பெருமையா எழுதியிருக்க மாட்டானா? எழுதலையே!”

“உனக்கு வேணும்கறத நீ நம்பிக்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். படியில் நின்று திரும்பி, “வாசிக்கறதா இருந்தா முழுசா வாசி. பேர்கள முழுங்காத” என்றாள்.

அந்த ஒரு விஷயத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவளுக்கு எப்படித் தெரிந்தது? பத்திரத்தில் மேல் பாதியையும் அடியில் இருக்கிற பெயர்களையும் மடித்துவிட்டு, ‘அவளுக்கும் அவள் வயிற்றில் பிறப்பவர்களுக்கும்’ என்கிற இடத்திலிருந்து மட்டும் காட்ட முடியுமா என்று இரண்டு நாளாக மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பு விழுந்துவிட்டது காகிதத்தில்.

ஹில்ஸ்பரோவில் விசாரணை நடந்த கட்டடத்துக்கும் பாதிக் கூரைதான். பெல் ரோசேயே வந்திருந்தது. நிலத்துக்காக வந்தவர்கள் குறைவு, காகிதத்தைக் கேட்க வந்தவர்கள்தான் அதிகம். ஆபீசர் ஒரு சின்ன வயசுப் பெண், மூக்குக் கண்ணாடி. கம்பெனி வக்கீல் மேஜையில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். கென்ரிக் அவருக்குப் பின்னால் புதுச் சட்டையில்.

“குடும்ப நிலம் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?” என்று ஆபீசர் கேட்டார்.

ஆல்ரிக் பெய்ன் எழுந்து, தான் வாசிக்கட்டுமா என்று சைகை காட்டினார். நான் வேண்டாம் என்றேன். யாரோ ஒரு வெளியூர்க்காரர் வாயிலிருந்து அது வரக்கூடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிப்பைப் பிரித்தேன்.

முதல் வரியிலிருந்து வாசித்தேன். மேட்லின் துரையிடம் வந்து சொன்னாள் என்கிற இடத்தில் பின்னால் யாரோ பல்லுக்கிடையில் காற்றை உறிஞ்சினார்கள். எங்கள் ஊரில் ஒருவரை அதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. நிறுத்தாமல் போனேன். நிலம் வந்தது, பிரிக்காமல், விற்காமல் வந்தது. ஆபீசர் கை நீட்டி, “போதும்மா, குடுங்க” என்றார்.

“இன்னும் இருக்கு” என்றேன்.

ஜூபிடர். குவாக்கோ. பெரிய நானெட். சின்ன நானெட். கட்ஜோ. ஸபெட். பியர். காங்கோ டாம். மரி ரோஸ். ப்ரெசன்ட். ஃபார்ச்சூன்.

சின்ன நானெட் என்று வாசித்துவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். சின்னது என்றால் எவ்வளவு சின்னது? யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது பெயரில் யூலாலி எழுந்து நின்றவள், கடைசிப் பெயர் வரைக்கும் உட்காரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

ஆபீசர் நகலை வாங்கி முத்திரையைப் பார்த்தார், வக்கீலிடம் காட்டினார், இருவரும் கிசுகிசுத்தார்கள். மூலத்தை வரவழைத்துச் சரிபார்க்கிற வரைக்கும் எந்த விற்பனையும் செல்லாது, அதிலே எழுதியிருப்பது இதுதான் என்றால் அதற்குப் பிறகும் செல்லாது என்று சொன்னார். வக்கீல் கோப்பை மூடின வேகத்தைப் பார்த்தே மூலம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாசத்தில் அப்படியே கடிதமும் வந்தது.

யாரும் கை தட்டவில்லை. திரும்புகிற பஸ்ஸில் நெரிசல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்து இடம் மட்டும் பெல் ரோசே வரைக்கும் காலியாக வந்தது.

மாரூன் நாள் வந்தது. நான் யாரையும் அழைக்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. காலையில் எனக்குச் சொந்தமான ஒரு பானையை மட்டும் பாறையடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒருத்தரும் வராவிட்டால் நானே தின்றுவிட்டு வருவது என்று. ஆனால் பத்து மணிக்குள் அடுப்புகள் மூண்டுவிட்டன. வந்தார்கள், எல்லாரும் வந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் கல்லை அடுக்கினார்கள், விறகை உடைத்தார்கள், முரசுகளை வெயிலில் காயப்போட்டார்கள். என்னிடம் வேண்டியதெல்லாம் பாறைதான் என்பது போல.

தரையை நனைக்கிற நேரம் வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் ரம்மையும் தண்ணீரையும் ஊற்றிப் பெரியவர்களைக் கூப்பிடுவோம். அது எப்போதும் எங்கள் வீட்டு வேலை. நான் புட்டியோடு நடுவில் போய் நின்றேன். யூலாலி வந்தாள், ஒரு வார்த்தை பேசாமல் புட்டியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். நான் விட்டேன். நிலம்தான் என்னிடம் இருக்கிறதே.

“ஜூபிடர்!” என்று கூப்பிட்டு ஊற்றினாள்.

“வந்து குடி!” என்றது கூட்டம்.

பதினொரு பெயர்களையும் மனப்பாடமாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் பதில் சொன்னது. குவாக்கோவுக்கு முரசில் தானாக ஒரு அடி விழுந்தது. ஓரமாய் நின்ற ஆல்ரிக் பெய்ன் நோட்டைத் திறக்கவே இல்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பதினொன்றும் முடிந்ததும் யூலாலி புட்டியை மூடி என்னிடம் நீட்டினாள். முடிந்தது, ஆட்டத்தை ஆரம்பிக்கலாம் என்கிற மாதிரி.

நான் மூடியைத் திறந்தேன்.

“மேட்லின்” என்றேன். ஊற்றினேன்.

ஒரு ஆடு மட்டும் கத்தியது. முரசுக்காரன் தன் முரசையே தடவிக்கொண்டிருந்தான். யூலாலி கடலைப் பார்த்தாள்.

“மேட்லின்” என்று இரண்டாம் தடவை கூப்பிட்டேன். அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. காட்டிக் கொடுத்தாளோ, ஏமாற்றினாளோ, இரண்டையும் செய்தாளோ. என்ன செய்திருந்தாலும் இந்த மண்ணுக்குக் கீழேதான் கிடக்கிறாள், தாகம் இருக்கும்.

“வந்து குடி.”

ஒரே ஒரு குரல், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து. எல்லாரும் திரும்பினார்கள். கென்ரிக். விசாரணைக்குப் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டாதவன், கையில் ஒரு தட்டோடு, புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவனும் அவள் வயிற்றில் வந்தவன்தான், மறுக்க முடியாது. ஆனால் கம்பெனி போன பிறகு இவன் எதற்கு வந்திருக்கிறான், அடுத்து என்ன கேட்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டே, அவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மிச்சம் இருந்த ரம்மைச் சொட்டுச் சொட்டாகத் தரையில் ஊற்றினேன்.